கேட்ட ஒரு கேள்வி

கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் போய், தொழில் எப்படி நடக்கிறது, கணினி உண்டா, இணையம் உண்டா என்று அரசுக் கணக்கெடுப்புக்காகக் கேட்டு எழுதுவது அவள் வேலை. வரி போட வந்தவள் என்று நினைத்து முகம் கொடுக்காதவர்களே அதிகம். அட்டைப்பெட்டிப் பட்டறைக்காரரும் போன வருடம் வேண்டாவெறுப்பாகத்தான் பதில் சொன்னார்.

இந்த வருடம் அவளை வாசலில் கண்டதும் அவரே ஓடிவந்தார்.

“வாங்கம்மா, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!”

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஏங்க, ஏதாவது தப்பா எழுதிட்டேனா?”

“அட, இல்லம்மா. இணையத்துல ஆர்டர் எடுக்கிறீங்களான்னு கேட்டீங்களே, அது மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என் பொண்ணுக்குக் காது கேக்காது. போன்ல பேச முடியாதேன்னு வீட்டுலயே உக்கார வச்சிருந்தேன். எழுத்துல வந்தா அவ பாத்துக்குவாளே! இப்ப ஆர்டர் மொத்தமும் அவ பொறுப்புதான்.”

“நான் கேள்விதானே கேட்டேன்?”

“அதக்கூட வேற யாரும் கேக்கலையேம்மா.”

மகள் உள்ளேயிருந்து வந்து, பசை படிந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: “உட்காருங்க அக்கா. இந்தத் தடவை நானே பதில் சொல்றேன்.”

அவள் கேள்வித்தாளை மகள் பக்கம் திருப்பி வைத்து, நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.