கோழியைக் கவ்வின பிலூவும் கோவிச்சுக்கொண்டு போன அண்ணையும்

ஈர நாயின்ர மணம் உங்களுக்குப் பிடிக்காது எண்டு தெரியும். எனக்கு மொன்றியலின்ர இலையுதிர்காலம் எண்டால் அந்த மணம்தான். சப்பாத்தில சேறு, தேர்மஸில கோப்பி, காரின்ர பின் சீற்றில என்ர மடியில தலையை வைச்சுக்கொண்டு நடுங்குற பிலூ...

ஆனா இண்டைக்கு நான் எழுத வந்தது கோவத்தில. முதலே சொல்லிப்போட்டன்.

அப்ப சென்ட் லோரன்ட்டில மருந்து பக் பண்ணுற பக்டரியில வேலை. எனக்குப் பக்கத்தில நிண்டவன் ஜில், கியூபெக்காரன். வேட்டைக்கெண்டு ஸ்பிரிங்கர் ஸ்பானியல் சாதி நாயள் வளர்க்கிறவன். எனக்கு விளங்குதோ இல்லையோ பிரெஞ்சிலதான் கதைப்பான். ஒருநாள் லஞ்ச் டைமில பார்க்கிங் லொட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஜக்கெற்றுக்குள்ள இருந்து ஒரு குட்டியை எடுத்து என்ர கையில வைச்சிட்டான். அதுதான் பிலூ.

ஸ்பிரிங்கரில ரெண்டு விதம் இருக்கு. ஷோவுக்கு வளர்க்கிறதுக்கு மயிர் நிலத்தில இழுபடும். வேட்டைக்கு வளர்க்கிறது ஒல்லி, காது கட்டை, ஒரு இடத்தில இருக்காது. பிலூ ரெண்டாவது.

அதின்ர வேலை கடிக்கிறது இல்லை. அதைத்தான் எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்த ஏலாமல் போச்சு. முன்னால வளைஞ்சு வளைஞ்சு ஓடி, பத்தைக்குள்ள இருக்கிற பறவையை எழுப்ப வேணும். பறவை எழும்பினால் நாய் குந்த வேணும். சுட்டு விழுந்த பிறகு, போ எண்டு சொன்னால் மட்டும் போய்க் கவ்விக்கொண்டு வந்து கையில தர வேணும். பல்லுப் படக்கூடாது. இதுக்கு ஜில் கோழிமுட்டையை வைச்சுப் பழக்கினான். முட்டையை உடைக்காமல் தூக்கிக்கொண்டு வாற நாய் பிள்ளையைக் கடிக்குமோ?

என்ர மனிசி முதல்ல வீட்டுக்குள்ள விடமாட்டன் எண்டுதான் நிண்டவ. கொஞ்ச நாளில இடியப்பம் அவிச்சால் முதல் தட்டு பிலூவுக்குத்தான் போச்சுது...

பேந்து மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு அண்ணை வந்தவர். அண்ணை எண்டால் என்னை இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவர். அவர் சொன்னால் நான் மறுத்துக் கதைக்கிறதில்லை. மன்னாரில காட்டுப்பன்றிக்கு விட்ட நாயளைக் கண்டவருக்கு, வேட்டைநாய் எண்டால் குதறுற நாய். வந்த உடன நாயைக் கட்டச் சொன்னார். பின்படியில கட்டினன்.

கடைக்கோழி சக்கை எண்டு அவர் ஒரு பண்ணைக்குப் போய் உயிர்க்கோழி ஒண்டைப் பெட்டியில போட்டுக் கொண்டுவந்தவர். பின்வளவில பெட்டியைத் திறக்க, அது வேலிக்கு மேலால பறந்து போச்சு. கோட் சூட்டோட அண்ணை, சாறியோட பெண்டுகள், எல்லாரும் ஒழுங்கையில ஓடினதைப் பார்க்க வேணும். ஒருத்தராலும் பிடிக்க ஏலேல்லை.

நான் பிலூவை அவிட்டு விட்டன்.

வளைஞ்சு வளைஞ்சு மணந்துகொண்டு போச்சுது. வால் நிக்கேல்லை. ஆரோ ஒரு வீட்டுத் தக்காளிப் பாத்திக்குள்ள பூந்து, தலையை உயர்த்திக்கொண்டு, வாயில கோழியோட ஓடி வந்தது. அவ்வளவு பெருமை அந்த முகத்தில...

"கடிச்சுக் கொண்டுபோட்டுது, அறுந்த நாய்" எண்டு கத்திக்கொண்டு அண்ணை சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சார். விலாவில பட்டது. பிலூ ஒருக்கா முனகிச்சுது. ஆனா அடி விழேக்கையும் வாயை இறுக்கேல்லை, கோழியை விடவும் இல்லை. எனக்கு முன்னால வந்து குந்தி, கையில தந்தது.

கோழி கண்ணை முழிச்சு, செட்டையை உதறிச்சுது. ஒரு கீறல் இல்லை. எல்லாரும் பார்த்தவை. அண்ணையும் பார்த்தவர்.

அதுக்குப் பிறகும் சொல்லுறார், "இண்டைக்குக் கோழி, நாளைக்குப் பிள்ளை. உனக்கு நாய் வேணுமோ நான் வேணுமோ, யோசி."

"நாய் ஒண்டும் செய்யேல்லை, அண்ணை" எண்டன். வாழ்க்கையில முதல்தரம் அவருக்கு மறுத்துக் கதைச்சது அண்டைக்குத்தான். அண்ணை சாப்பிடாமலே போயிட்டார். அந்தக் கோழியை வெட்ட ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. ஜில் கொண்டுபோய் வளர்த்தான்.

பிலூ இருந்த காலம் முழுக்க அண்ணை என்ர வீட்டுப் படி மிதிக்கேல்லை. மகள் பிலூவின்ர காதைப் பிடிச்சு எழும்பி நடந்தது அவருக்குத் தெரியாது. அவளின்ர முதல்நன்மைப் பூசைக்கும் வரேல்லை. கோயிலில கண்டால் மற்றப் பக்க வாங்கில போய் இருப்பார். எனக்கு இஞ்ச இருந்த ஒரே சகோதரம் அவர். பிலூ செத்த பிறகும் அவருக்கு வீம்பு போகேல்லை.

இப்ப புவாண்ட்-கிளேரில இருக்கிற அவற்ர மகன் நாய் வாங்கியிருக்கிறான். என்ன நாய்? ஸ்பிரிங்கர். ஷோ சாதி. மழைக்கோட்டு வேற போட்டிருக்கு. பார்க்கில வாத்தைக் கண்டால் அண்ணையின்ர காலுக்குள்ள ஒளிக்குதாம். ஃபேஸ்புக்கில ஒவ்வொரு நாளும் படம்... "என்ர பேரன்" எண்டு போடுறார். நீங்களும் லைக் போடுறியள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்.

போன ஞாயிறு பூசை முடிய ஹோலில தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு ஆருக்கோ சொல்லுறார், "எங்கட குடும்பம் எப்பவும் நாயில பட்சமான குடும்பம்." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோப்பையை வைச்சிட்டு வீட்டை வந்திட்டன்.

பின்னேரம் பெல் அடிச்சுது. வாசலில அண்ணை, கையில நாய்க்கயிறு.

"இவன் உள்ள வரலாமோடா?"

"அவன் வரலாம், அண்ணை."

நாயை விட்டார். அது நேர போய், பிலூ முந்திப் படுக்கிற மூலையை மணந்துகொண்டு கனநேரம் நிண்டது. அதில இப்ப பாயும் இல்லை, மணமும் இல்லை. அந்த நேரம் இந்த வீடு முழுக்க ஈர நாய் மணம், நாங்கள் சகோதரம் ரெண்டு பேரும் ரெண்டு பக்கம். இப்ப வீடு துப்புரவு...

அண்ணை வாசலிலயே நிண்டவர். தலை முழுக்க நரைச்சுப்போச்சு.

"அந்தக் கோழி உயிரோடதானேடா இருந்தது" எண்டார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஓம், அண்ணை. அண்டைக்கே உயிரோடதான் இருந்தது."

அவர் காலை எடுத்து வைக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"சப்பாத்தைக் கழட்டி வெளியில வைச்சிட்டு வாங்கோ" எண்டன்.