வண்டிக்கு வலி உண்டா?

பாறசாலைக்கும் செங்கலுக்கும் இடையில் நின்றுகொண்டு சுந்தரதாஸ் வீடு எது என்று கேட்டால் எல்லோரும் கையை விரிப்பார்கள். வலிதாஸ் வீடு என்று கேட்டால் போதும், சாயாக்கடையில் பாதிச் சாயாவோடு இருப்பவன்கூட எழுந்து வந்து வழி காட்டுவான். எல்லைப் போராட்டத்தில் போலீஸிடம் வாங்கிய அடியின் வலி இன்னும் போகாததால் வந்த பேர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அப்படி நினைத்து அவர் கையைப் பிடித்துக் கண்கலங்கியவர்களும் உண்டு. அவரும் மறுத்ததில்லை. தானாக வந்த தியாகிப் பட்டத்தை யார்தான் திருப்பி அனுப்புவார்கள்?

ஆனால் அந்தப் பேர் போலீஸ் கொடுத்தது அல்ல. ஒரு வண்டி கொடுத்தது.

சுந்தரதாஸ் காளைவண்டியில் கல்லடித்து, அதாவது பாரம் பாரமாய்க் கல் கொண்டுபோய் இறக்கிப் பிழைத்தவர். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது, நாலு சக்கரமும் இரும்புத் தட்டும் உள்ள பெரிய டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். இதை இழுக்க வண்டி எங்கே என்று கேட்டவர்களிடம், அது பின்னால் வரும் என்றார். பெண் பார்க்கப் போகும் முன்னே தொட்டில் கட்டிய மனுஷன். இரண்டு ஜோடிக் காளைகளைப் பூட்டிப் பார்த்தார்கள். காளைகள் டிரெய்லரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. அன்றிலிருந்து அது முற்றத்தில் கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்தது.

ஐம்பத்து நாலாம் வருஷம் அதற்கு ஒரு விடிவு வந்தது. குன்றின்மேல் இருந்த மிஷன் சபையில் கோபுரம் கட்டத் தீர்மானித்தார்கள். கீழே கல் வெட்டுகிற பாறைமடையிலிருந்து கல் ஏற ஏறக் குத்தகைக்காரனுக்குக் காசு ஏறும். சபைக் கமிட்டி சுந்தரதாஸிடம் சொன்ன நிபந்தனை ஒன்றுதான். அஸ்திவாரம் போடுகிற அன்றைக்கு முதல் பாரத்தை டிரெய்லரில் மேலே கொண்டுவந்துவிட்டால், கோபுரம் முடிகிற மட்டும் கல்லடிப்பு அவருக்கு. கொண்டுவராவிட்டால் வேறு ஆளுக்கு.

வண்டி வாங்க அவரிடம் ஒன்றுமில்லை. அவர் மனைவி சத்தியபாய்க்குத் தாய்வீட்டில் சீதனமாகக் கொடுத்த ஒரு விளை இருந்தது. தென்னையும் இரண்டு அயினி மரமும் நின்ற தோட்டம். அவள் கோபம் வந்தால் போய் நிற்கிற இடம் அது. சந்தோஷம் வந்தாலும் அங்கேதான் போவாள். அதை விற்றுத்தான் வண்டி என்று முடிவானபோது அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பத்திரத்தில் ஒப்பமிட்டுவிட்டு வந்து அவரிடம் சொன்னாள்:

"இஞ்ச பாருங்க, பெயின்ட்டும் பவுசும் பாக்காண்டாம். வண்டிக்கு வலி உண்டான்னு மட்டும் கேட்டுட்டு வாருங்க. எனக்க விளையாக்கும் வண்டியா வரப் போவுது."

நல்ல வார்த்தை. எங்கள் பேச்சில் வலி என்றால் இழுக்கிற பலம். ஆனால் சுந்தரதாஸுக்கு அது காதில் முள்ளாய்க் குத்தியது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் முழுக்க எல்லைதான் பேச்சு. நாங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்களைப் பற்றி நான் ஒரு சொல் கிண்டலாகச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகட்டும். நான் சொல்ல வந்தது செத்தவர்களைப் பற்றி அல்ல, மேடையேறியவர்களைப் பற்றி. எங்கள் ஊரில் மேடை ஏறியவர் செல்லையன் சார். தமிழ் வாத்தியார். அவர் பேச்சில் எல்லையைவிட அகராதிதான் அதிகம் வரும். சாயா மலையாளம், தேநீர் என்று சொல். வெள்ளம் மலையாளம், நீர் என்று சொல். ஒருநாள் மேஜையைத் தட்டிவிட்டு, "வலி என்றால் தமிழில் நோவு! இழுப்பதை வலிப்பது என்று சொல்லுகிறவன் நாக்கில் மலையாளம் குடியிருக்கிறது!" என்று முழங்கினார். பழைய தமிழில் வலி என்றால் பலம் என்றும், துடுப்பை வலிப்பது நல்ல தமிழ்தான் என்றும் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கூட்டம் கைதட்டுகிற நேரத்தில் அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார் போலும்.

சுந்தரதாஸ் அன்றைக்கே சபதம் எடுத்தார். எல்லை சேருகிற மட்டும் மலையாளம் வாயில் வராது. காதில் விழுந்தாலும் தமிழாகத்தான் விழும். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் ஒரே சோற்றில் பிசைந்து தின்றவர், ஒரே ராத்திரியில் ஒன்றை மட்டும் பொறுக்கித் துப்பிவிட்டார். குடிக்க நீர் கொணர்க என்று அவர் கேட்கப்போய், கிறுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று சத்தியபாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தன் அம்மை பேசிய பேச்சையே மலையாளம் என்று விரட்டுகிறோம் என்று மட்டும் அந்த வீரருக்குத் தோன்றவில்லை.

ஆகவே அன்றும் அவர் மனைவியைத் திருத்தினார். வலி என்பது நோவு, வண்டிக்கு நோவு எதற்கு, இழுவை என்று கேட்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். சத்தியபாயின் தம்பி ஜெயதாஸ் பஸ் ஓட்டுகிறவன். எஞ்சின் இருமினால் எந்த இடத்தில் சளி என்று சொல்லுவான். கூட வாறேன் என்றான். நீ அவனுகளோடு மலையாளம் பேசுவாய், வேண்டாம் என்று அவனை நிறுத்திவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

பார்க்க இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டும் பின்தட்டு திறந்த சின்ன லாரிகள்.

முதலாவது அதியன்னூரில், கிருஷ்ணன்குட்டியிடம். பட்டாளத்துப் பச்சை. மூக்கு நசுங்கி, ஒரு கதவில்லாமல், சேற்றில் புரண்டு எழுந்த எருமை மாதிரி நின்றது. கிருஷ்ணன்குட்டிக்குத் தமிழ் நம்மைப்போல நன்றாக வரும். சாதாரணமாகக் கேட்டிருந்தால் சாதாரணமாகச் சொல்லியிருப்பான். ஆனால் சுந்தரதாஸ் நெஞ்சை நிமிர்த்தி, "இவ்வூர்தி மேட்டில் செவ்வனே ஏறுமா?" என்று கேட்டார். கிருஷ்ணன்குட்டி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். இந்த ஆள் மேடைத்தமிழ் பேசினால் நானும் சும்மா விடுவேனா என்று, அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலையாளத்தில் சொன்னான்:

"கேற்றத்தில் பயங்கர வலியாணு."

ஏற்றத்தில் பயங்கரமாக இழுக்கும் என்று அர்த்தம். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சுந்தரதாஸின் காதிலோ செல்லையன் சார் உட்கார்ந்திருந்தார். ஏற்றத்தில் பயங்கர நோவு என்று விழுந்தது. பாவம், ஜீவனுள்ள பொருள் மாதிரி நொந்து கிடக்கிறதே என்று அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. வாருங்கள், குன்றில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று கிருஷ்ணன்குட்டி கூப்பிட்டான். நோவோடு இருப்பதை வதைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டு, பானட்டை மெல்லத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது பாலராமபுரத்தில், சேலை வியாபாரி மோகனனிடம். நீல வண்டி. கண்ணாடிபோலப் பளபளப்பு, பித்தளை ஹாரன், சீட்டுக்குப் பூப்போட்ட உறை. நெய்த்துக்காரர்களிடமிருந்து சேலைக்கட்டுகளை ஏற்றி மேடுபள்ளமில்லாத நிரப்பான ரோட்டில் ஓடி வளர்ந்த வண்டி. கல்லைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. சுந்தரதாஸ் அதே செந்தமிழில் அதே கேள்வியைக் கேட்டார். இழுக்குமா என்றும் சேர்த்துக் கேட்டார். மோகனன் வியாபாரிதான் என்றாலும் பொய் சொல்லாத ஆள், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அவனும் தன் மரியாதையை விட்டுக்கொடுக்காமல் மலையாளத்திலேயே சொன்னான்:

"நெரப்பில் பறக்கும். கேற்றத்தில் இழயும். வலியில்லா, கேட்டோ."

நிரப்பில் பறக்கும், ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும், இழுக்கிற பலம் இல்லை, கேட்டுக்கொள் என்றான். இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படி உண்மை சொல்வது? சுந்தரதாஸுக்கு விழுந்ததோ வேறு. நெருப்பாய்ப் பறக்கும், ஏற்றத்தில் இழுக்கும், நோவே கிடையாது. மூன்று வாக்கியத்தையும் முழுசாய்த் தமிழாக்கி, மூன்றிலும் முழுசாய்த் தோற்றார். சத்தியபாயின் விளை அன்றைக்கே நீல நிறத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது.

சத்தியபாய் வண்டியைச் சுற்றி வந்து பூப்போட்ட உறையைப் பார்த்தாள். வலி உண்டா என்று கேட்டீர்களா என்றாள். வலியே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார் அவர். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அஸ்திவாரம் போடுகிற நாள் வந்தது. குன்றின்மேல் சபை முழுக்கக் கூடி நின்றது. பாறைமடையில் டிரெய்லரில் கல் ஏற்றி, நீல வண்டியின் பின்னால் மாட்டி, முன்னால் ஒரு கயிறும் கட்டி வைத்தார்கள். முன்னால் ஜெயதாஸ் ஓட்ட, பக்கத்தில் சுந்தரதாஸ் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். சக்கரத்துக்கு அடைகொடுக்கக் கல்லைச் சுமந்துகொண்டு சத்தியபாய் ஏற்றம் தொடங்கும் இடத்தில் காத்து நின்றாள். அதை வேறு யாரிடமும் கொடுக்க அவளுக்கு மனமில்லை. மடையிலிருந்து குன்றின் அடிவாரம் வரைக்கும் நிரப்பு. மோகனன் சொன்ன வாக்குத் தப்பாமல் வண்டி பறந்தது. சுந்தரதாஸ் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கையை ஆட்டினார்.

ஏற்றம் தொடங்கியது. வண்டி ஊர்ந்தது, சத்தியபாய் பின்னால் நடந்தாள். பிறகு நின்று நடுங்கியது. மேலே பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுக் கீழே ஓடி வந்தார்கள். ஜெயதாஸ் பிரேக்கில் ஏறி நின்றும் வண்டி பின்னால் வழுக்க ஆரம்பித்தது. டிரெய்லர் பின்பக்கமாக இறங்கியது. அதற்கு நேர் பின்னால் சத்தியபாய் நின்றாள்.

சுந்தரதாஸ் வெளியே குதித்தார். வேட்டி கதவில் மாட்டிக் கிழிந்தது. தொண்டை கிழியக் கத்தினார்:

"எலே மக்கா, கயறப் பிடிச்சு வலியுங்கலே! வலி! வலியெலே!"

இழுங்கள் என்று வாயில் வரவில்லை. அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? அம்மை கற்றுக்கொடுத்ததுதான் வந்தது. முப்பது நாற்பது பேர் கயிற்றில் விழுந்து வலித்தார்கள். டிரெய்லர் நின்றது. சத்தியபாய் கொஞ்சமும் பதறாமல் குனிந்து சக்கரத்துக்குக் கல்லை அடைகொடுத்தாள். நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் அந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தார். வெட்கம் மானம் ஒன்றும் பார்க்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தாலும் மனுஷனுக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் அப்போதுதான் கீழிருந்து ஒரு பச்சை வண்டி வந்தது. மூக்கு நசுங்கியது, ஒரு கதவில்லாதது. முன் சீட்டில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு செல்லையன் சார் உட்கார்ந்திருந்தார். அவர் மச்சினனுக்காகப் போன வாரம் அவரே போய்ப் பேரம் பேசி வாங்கியதாம். பச்சை வண்டி முன்னால் ஏறிப் போய் அதே கயிற்றை மாட்டிக்கொண்டு, நீல வண்டியையும் டிரெய்லரையும் கல்லோடு சேர்த்துக் குன்றின்மேல் கொண்டுபோய் நிறுத்தியது. எஞ்சின் ஒருதடவை இருமவில்லை. கமிட்டிக்காரர்கள் செல்லையன் சாரின் மச்சினனிடம் தனியாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சார் வண்டியின் முதுகைத் தட்டிவிட்டு, கேட்காமலே எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்:

"நல்ல வலி உள்ள வண்டியாக்கும். கிருஷ்ணன்குட்டி அப்பமே பறஞ்சான்."

பறஞ்சானாம்! சொன்னான் என்று தமிழில் வரவில்லை, மலையாளம்தான் வந்தது. சுந்தரதாஸ் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு வருஷமாகக் காதில் உட்கார்ந்திருந்த ஆள் அந்த நிமிஷம் எழுந்து போய்விட்டார். கிருஷ்ணன்குட்டி சொன்னதும் மோகனன் சொன்னதும் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப வந்து, இந்தத் தடவை சரியான அர்த்தத்தோடு உள்ளே இறங்கியது. அவர் மெல்லப் போய், கோபுரத்துக்கு இறக்கிப்போட்ட கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

சத்தியபாய் ஒரு செம்பில் வெள்ளம் கொண்டுவந்தாள். கிழிந்த வேட்டியைப் பார்த்தாள். நெஞ்சில் இருந்த கையைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"எங்க வலிக்கி?"

அவர் நெஞ்சில் இருந்த கையை எடுத்தார்.

"உனக்க விளையில," என்றார்.

அவள் செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதே கல்லில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்திரத்தில் ஒப்பமிட்ட அன்றைக்கு அழாததையெல்லாம் அங்கே இருந்து அழுதாள். பக்கத்தில் நின்ற எவனோ அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு ஊரில் போய்ச் சொல்லிவிட்டான்; அன்றிலிருந்து அவர் வலிதாஸ்.