சந்தனம் வைத்த மூன்று தாள்கள்

தி. நகரில், துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அலுவலகத்தில் எனக்கு வேலை. ஏற்றுமதி செய்கிறவர்களின் சரக்குக்குக் கப்பலில் இடம் பிடித்து அனுப்பிவைப்போம். சரக்கு ஏறியதும் பி.எல். என்று ஒரு சீட்டு கொடுப்போம். அதில் அசல் மூன்று. அந்த அசலைக் காட்டினால்தான் அக்கரைத் துறைமுகத்தில் சரக்கு கையில் கிடைக்கும். அதில் ஓர் எழுத்து கெட்டாலும் பொறுப்பு எங்கள் தலையில். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் நானே நீட்டி முழக்கியிருக்கிறேன்.

அந்த நான்தான் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர், பிரிண்டர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, நமக்குச் சோறு போடுவது இதுதானே என்று, மேஜையில் இருந்த மூன்று அசலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பக்தி முற்றிவிட்டது. சந்தனம் நீர்த்திருந்தது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், வாங்குபவர் பெயர்மேல் சிவப்பு ஓடியிருந்தது. படிக்க முடிகிறதே என்று வாங்குபவரின் வங்கிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன்.

சரக்கு சாந்தோம் அக்கா ஒருவருடையது. கணவர் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். அக்கா காகிதக் கூழில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்கிறார். குழந்தை இயேசு, மாதா, ஆடு, ஒட்டகம். ஐரோப்பாவுக்கு அவர் அனுப்பிய முதல் சரக்கு அது. டிசம்பர் தாண்டினால் குடில் பொம்மை யாருக்கு வேண்டும்?

பெயரைத் திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, வாங்குபவரின் வங்கி மூன்று தாள்களையும் திருப்பி அனுப்பியது.

“எப்படிம்மா ஆச்சு?” என்றார் முதலாளி.

“விசாரிக்கிறேன் சார்.”

புது பி.எல். போட, காரணம் எழுதி அக்கா கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அது வாங்குபவருக்கும் போகும். கூரியர் பை மழையில் நனைந்துவிட்டது என்று அழகாக ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா ஓர் ஒட்டகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். “இன்னாம்மா எழுதிக்கீது?” என்று கேட்டார். சொல்லிப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“பேப்பர் நனைஞ்சா சரக்கும் நனைஞ்சுதுன்னுதான நெனைப்பான்? என்னுது அல்லாமே பேப்பரும்மா. வேணாம்னுடுவான்.”

இத்தனை வருட வேலையில் அந்த யோசனை எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

“நெசமாவே மழையா?”

“இல்லக்கா. நான்தான்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தூரிகையைக் கீழே வைத்தார்.

“இத்த சொல்றதுக்கு இன்னா? நாங்களும் புது போட்டுக்கு மாலை போட்டுத்தான் தண்ணில எறக்குவோம். நடந்தத அப்டியே எழுது.”

அவர் வீட்டிலேயே கையால் எழுதினேன். அதில்தான் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்தில் முதலாளி அதைப் படித்துவிட்டு என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். வாங்கிக்கொண்டேன். கறை பட்ட மூன்றையும் ரத்து செய்து புதிதாகப் போட்டு அனுப்பினோம். வங்கி ஏற்றுக்கொண்டது. டிசம்பர் முதல் வாரத்தில் பொம்மைகள் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனாலும் தாமதத்துக்கு அக்கா எங்கள்மேல் வழக்குப் போடலாம். போட்டால் என் வேலை போகும் என்று முதலாளி நேராகவே சொல்லியிருந்தார். ஒரு நாள் அக்காவிடமிருந்து ஒரு கவர் வந்தது. முதலாளி பிரித்துப் படித்து என்னிடம் நீட்டினார். கோடு போட்ட தாளில் தமிழில் நாலே வரி.

“தப்பு நடந்தது. இந்தப் பெண் தானாக என் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னது. எனக்குப் புகார் இல்லை. அடுத்த சரக்கும் இதன் கையால்தான் போகவேண்டும்.”

அக்காவை நினைத்து அன்று அழுதேன். தானாகச் சொன்னேனாம். நான் என்ன எழுதி எடுத்துக்கொண்டு போனேன் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.