அழைக்கக் கூடாத எண்

டீச்சரம்மா யாருமில்லாத அறைக் கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். காலையில் பயிற்சி அறையில் நான் மட்டும் குனிந்து கூட்டிக்கொண்டிருப்பேன். "உள்ள வரலாமாம்மா?" நான் "வாங்க" என்று சொல்லும் வரை வாசலிலேயே நிற்பார். நான் வராத நாளிலும் தட்டுவாராம். வாட்ச்மேன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மருந்து கம்பெனிகளுக்காக நோயாளிகளையும் டாக்டர்களையும் பார்த்துப் பேட்டி எடுப்பவர்களுக்கு, எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் தப்பு, எது சட்டப்படி குற்றம் என்று சொல்லித் தருவது அவர் வேலை. எதற்கெடுத்தாலும் சம்மதப் படிவம் எங்கே என்று கேட்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'படிவம்' என்று பேர். எனக்கு டீச்சரம்மா. ஏழாவதோடு நின்றவள் நான். பலகை முன்னால் நிற்கிற எவரும் எனக்கு டீச்சர்தான்.

நோயாளியாக நடிக்க ஆள் இல்லாத நாட்களில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "பிடிக்கலன்னா பதில் சொல்ல வேணாம்மா. நடுவுல எந்திரிச்சுப் போயிடலாம். காரணங்கூட சொல்ல வேணாம்." அந்த நாற்காலியில்தான் 'மாட்டேன்' என்று முதல்முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

மதியச் சாப்பாடு ஜன்னலோரம், தனியாக. மற்றவர்கள் மேசைகளை ஒட்டிப் போட்டுக் கலகலவென்று சாப்பிடுவார்கள். அவர் டப்பா மூடியைப் பாதி மூடியபடியே சாப்பிட்டு முடிப்பார். அவர் போன் அடித்து நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த மனிதர்கள், பேட்டி கொடுத்தவர்கள், பேரில்லாமல் எண்களாகத்தான் இருந்தார்கள். "இருபத்தொம்போது சிரிச்சா நமக்கும் சிரிப்பு வரும்மா" என்பார். யார், எந்தத் தெரு என்று வராது.

யாரையும் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கவும் மாட்டார். நான் நாலு நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பியபோது மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை விசாரித்தார்கள். இவர் ஒரு நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

போன மாதம் பயிற்சிக்கு வந்த குழுவில் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மருந்து ரெப்பாக இருந்தவர். "முப்பது வருஷம் டாக்டருங்க வாசல்ல செருப்போட செருப்பா கெடந்தவன் மேடம். எனக்கே பாடமா?" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். பயிற்சிக்காக அவர் பேட்டி எடுத்த அம்மாவுக்கும் அதே நோய். மறுநாள் எல்லோரும் டீக்குப் போனார்கள். ரெப் மட்டும் நின்றார். நான் பலகை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா நம்பர என் போன்ல ஏத்தி வச்சிருக்கேன் மேடம். ரொம்ப அழுதாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு விசாரிக்கலாம்னு."

"அழிச்சிடுங்க."

"நானென்ன பொண்ணா கேக்கப் போறேன்? நல்லாருக்கீங்களான்னு கேக்கறது குத்தமா?"

"அதுக்கு அவங்க நம்பர் தரல."

"சட்டம் சட்டம்ங்கறீங்க. மனுஷங்கன்னு ஒன்னு இருக்குல்ல? படிவத்துக்கு அதெல்லாம் எங்க..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் நின்றபடி சொல்கிற கதையை அன்று உட்கார்ந்து சொன்னார். ஒரு பொண்ணு இருந்தாள். பேட்டி முடிந்த பிறகும் மனசு கேட்காமல் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது மாமியார். "மனசுக்குப் போடற மாத்திர இப்ப ஒத்துக்குதான்னு கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். மருமகள் மாத்திரை போடுவது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"நேத்தே சொன்னீங்களே மேடம். அந்தப் பொண்ண வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல. அவளே போயி மேலதிகாரிகிட்ட சொன்னா. இனிமே பேட்டிக்குப் போக வேணாம், வர்றவங்களுக்குப் பாடம் எடுன்னுட்டாங்க."

ரெப் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என் கையிலிருந்த துணி பலகையிலேயே நின்றது.

"அந்த மருமகளுக்கு அப்புறம் என்னாச்சு மேடம்?"

"தெரியாது. பதினெட்டு வருஷமாச்சு. தெரிஞ்சுக்கணும்னா திரும்பவும் போன்தான் பண்ணணும்."

ரெப் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன். இதோ பாருங்க" என்று அந்த எண் தெரிகிற திரையை டீச்சரம்மா பக்கம் நீட்டினார்.

டீச்சரம்மா இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டார். "போச்சு மேடம்" என்று ரெப் சொல்லும் வரை கைகளை எடுக்கவில்லை.