பாதாமின் தீனி

சகினாவின் கணவர் காதர் கிண்டியில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபின், அவரிடம் கற்றதை வைத்து அடையாறில் வெங்கடரமணன் வீட்டு மட்டக்குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். வெங்கடரமணன் தன் மகள் ஹம்சாவுக்காக வாங்கிய குதிரை. பாதாம் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவள் படிக்க அமெரிக்கா போய்விட்டாள். பாதாம் தோட்டத்தில் தனியாக நின்றது.

கொஞ்சம் தின்றாலே கொழுத்துவிடும் உடம்பு அதற்கு. பிடரிக்கடியில் கொழுப்பு கட்டிக்கிடந்ததை முதல் நாளே சகினா தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கொள்ளுத் தீனியை அடியோடு நிறுத்தினாள். காய்ந்த புல்லை எடை போட்டு, வலைப்பையில் அடைத்து, நாலு வேளையாகப் பிரித்துத் தொங்கவிட்டாள். மேய்ச்சல் காலையில் ஒரு மணி நேரம்தான், அதுவும் அதிகம் தின்னாதபடி வாய்க்கூடு மாட்டி.

தொண்ணூற்றாறில் கோடை முடியுமுன்னே மழை கொட்டித் தோட்டமெல்லாம் புல் மண்டியது. வெங்கடரமணனின் மனைவி சுப்புலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை.

"இத்தனை புல்லை வெச்சுண்டு வாயில்லா ஜீவனைப் பட்டினி போடறியே, உனக்கு மனசே இல்லையா?"

"இது தண்ணி குட்ச்சாலே ஒடம்பு போட்ற ஜாதிம்மா. பச்சப் புல்லு ஜாஸ்தியா துன்னா கால் கொளம்பு உள்ளாற வெந்துபூடும். அப்பால நிக்கவே முடியாது."

"புல்லைத் தின்னு எந்தக் குதிரைக்குக் கால் போச்சுடி? நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

ஒரு வாரம் கழித்து சகினா அந்தத் தெரு வழியாகப் போனாள். வாய்க்கூடு இல்லாமல் பாதாம் புல்லுக்குள் முகம் புதைத்து நின்றது. உள்ளே போய்ச் சொல்லலாமென்று கேட்டில் கை வைத்தாள். துரத்திய வீட்டு வாசலில் போய் நிற்பதா என்று ரோஷம் வந்தது. கையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நாலாம் நாள் தோட்டக்காரர் கதிரேசன் அவள் வீடு தேடி ஓடிவந்தார். "குதிர எய்ந்துக்கவே மாட்டேன்னுது, சகினா!"

பாதாம் பக்கவாட்டில் கிடந்தது. முன்னங்கால் குளம்புகள் அடுப்புக் கல்லாய்ச் சுட்டன. சகினா ஈரச்சாக்கைச் சுற்றினாள், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் டாக்டர், குளம்புக்குள் எலும்பு இறங்கிவிட்டது, இனி வலிதான் என்றார். உயிரை அடக்கும் ஊசியை அவர் போடும்போது பாதாமின் தலையை மடியில் வைத்திருந்தவள் சகினா.

சுப்புலக்ஷ்மி அழுதுகொண்டே சொன்னாள்: "நீ பட்டினி போட்டு போட்டுத்தான் அதுக்குத் தெம்பே இல்லாம போயிடுத்து."

கேட்டிலிருந்து கையை எடுத்த நாள்தான் சகினாவை அறுத்தது.

காதரின் பழைய கூட்டாளி நூர் முஹம்மது லாயத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"வாணாம் பாய். எனுக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணைக்கூட காப்பாத்தல," என்றாள்.

தி.நகரில் ஒரு துணிக்கடையில் தரை பெருக்கும் வேலைக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.