முகப்புக்குத் திரும்பாதவர்

மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு நான் இணையதளம் செய்துகொடுத்த சமயத்தில் வந்தவர் அவர். மாட்டாஸ்பத்திரி இன்ஸ்பெக்டர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் ஹெல்மெட். பைக்கிலிருந்து இறங்கினாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். எங்கோ அடுத்த மாடு காத்திருக்கும்.

"ஏனுங்க, உங்க தளத்துல தடுப்பூசிப் பக்கத்துல இருந்து மாட்டு டாக்டர் பதிவை அமுக்குனா 'பக்கம் இல்லை'ன்னு வருதுங்க. நேத்து ஒரு ஊட்டுல மாடு கன்னு போட முடியாமக் கெடந்துச்சு. பதியறதுக்குள்ள அவுங்க பட்ட பாடு!"

நான் திறந்து காட்டினேன். முகப்பு, டாக்டர் பதிவு. மறுபடி முகப்பு, தடுப்பூசி. மறுபடி முகப்பு, பால் விலை. எல்லாம் திறந்தன. கோளாறு உங்கள் போனில்தான் என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

அவர் சிரித்தார். "ஒவ்வொருக்காவும் மொதப் பக்கத்துக்கு வந்துட்டுப் போறீங்களே! நான் ஒரு ஊடு பாத்தா அங்கிருந்தே அடுத்த ஊட்டுக்குப் போவேனுங்க. நடுவுல ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா போவேன்?"

அவர் சொன்ன வழியில் போனேன். பக்கம் இல்லை. மெனு முகவரிகளின் முன்னால் '/' என்ற சாய்கோட்டைப் போட மறந்திருந்தேன். அதனால் முகப்பைத் தவிர வேறெங்கிருந்து அமுக்கினாலும், நின்ற பக்கத்துக்குள்ளேயே அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது தளம். கோட்டைப் போட்டதும் திறந்தது. சொல்லலாமென்று நிமிர்ந்தால், பைக் தெருமுனை தாண்டியிருந்தது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் தளங்களைச் சோதிக்கும் பட்டியலின் முதல் வரி, 'இன்ஸ்பெக்டர் போகிற வழி'. யார் அந்த இன்ஸ்பெக்டர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். பெயர் தெரியாது, ஹெல்மெட் போட்டிருப்பார் என்கிறேன்.