உதறல் எங்கிருந்து வந்தது

திருமுல்லைவாயிலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டார் முனகினாலும் லிஃப்ட் பாதியில் நின்றாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். பொறியியல் படித்து, ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். நான் சரியென்று சொல்லி அனுப்பிய எதுவும் பழுதென்று திரும்பி வந்ததில்லை என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரைக் கவனமாகவே காத்து வந்திருக்கிறேன். ஆகவே, என் மாப்பிள்ளையின் ஜீப்பு என்னைக் குழப்பியதைப் பற்றி எழுதச் சற்றுத் தயங்கினேன்.

மாப்பிள்ளை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். விடுமுறைகளில் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காக அந்த ஜீப்பை வாங்கி, ஸ்பிரிங்குகளை மாற்றி உயர்த்தி, பெரிய டயர்களும் போட்டிருந்தார். அதில் ஏறவே ஒரு முக்காலி வேண்டும் என்று என் மகள் கேலி செய்வாள். உயர்த்திய சில வாரங்களில் கோளாறு தொடங்கியது. வெளிவட்டச் சாலையில் அறுபதைத் தொடும் வேகத்தில், பாலத்தின் இணைப்பு ஒன்றில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும், பிடித்திருக்கும் கைகளையே வீசி எறிவதுபோல ஸ்டியரிங் இடமும் வலமும் உதறியது. வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். அடுத்த முறை அதே வேகத்தில் அதே இணைப்பைக் கடந்தால் ஒன்றும் நேராது. என் முதல் குழப்பம் அதுதான்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாரோடு மகளும் மாப்பிள்ளையும் ஜவ்வாது மலைக்குப் போவதாக இருந்தது. சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன சம்பந்தி, உங்க கையெழுத்து விழுந்தாத்தான் வண்டி நகருமாமே? பையன் சொல்றான்."

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"நீங்க சரின்னு சொல்லிட்டா நாங்க கண்ண மூடிட்டு ஏறிடுவோம். மலைப்பாதை வேற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் பேத்தியும் அந்த வண்டியில்தான் போகவிருந்தாள்.

முதலில், சக்கரங்களின் எடைச் சமநிலையே காரணம் என்று கூறினேன். அம்பத்தூரில் அதைச் சரிசெய்த பின்னும் உதறல் நின்றபாடில்லை. பிறகு கரையான்சாவடியில் மாப்பிள்ளைக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனோம். ஸ்டியரிங்கின் அதிர்வைத் தாங்கும் டேம்பரை அவர் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"சார், டேம்பர் பூட்ச்சு. புச்சு போட்டா கொயந்த மாரி தூங்கும்."

புதியது போட்டோம். வண்டி ஓரிரு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, மறுபடியும் உதறியது. எங்களைக் கண்டதுமே அவர், "இன்னா சார், கொயந்த முயிச்சிகிச்சா?" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. இறுக்கமாக இருக்கும் ஒன்று எப்படி ஆடும் என்பது அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

அந்தரத்தில் தொங்கும்போது இறுகியிருப்பது பாரம் ஏறும்போதும் இறுகியிருக்க வேண்டும் என்பதில்லையே என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் எழுந்தது. வண்டியைத் தரையிலேயே நிற்க வைக்கச் சொன்னேன். மாப்பிள்ளை எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது திருப்ப, நான் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, குனிந்து பார்த்தேன். முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டின் முனை, ஒவ்வொரு திருப்பலுக்கும் டொக்கென்று நகர்ந்தது. போல்ட்டைக் கழற்றினால் அது நுழையும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

"இன்னா சார் இது, ஓட்ட மெதுவட மாரி கீது. இத்தப் போயி நான் தூக்கித் தூக்கிப் பாத்துகினு இருந்தேன்."

தகடு வைத்து வெல்டிங் செய்து, சரியான அளவில் போல்ட் போட்டார். விஷயம் அத்துடன் முடிந்ததென்றே நினைத்தேன்.

வெளிவட்டச் சாலையில் நானே ஓட்டினேன். பெரிய உதறல் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கில் மிக நுண்ணிய நடுக்கம் ஒன்று எஞ்சியிருந்தது.

"இன்னும் இருக்கு," என்றேன்.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். "வெண்ண மாரி போவுது சார்."

மாப்பிள்ளையும் ஓட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா. ஒருவேளை ரோடா இருக்குமோ?"

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வுப் பிரிவின் முறை. மாப்பிள்ளை ஓட்டும்போது பக்கத்தில் அமர்ந்து டேஷ்போர்டில் இடது உள்ளங்கையை வைத்தேன். நடுக்கம் இல்லை. மறுபடியும் நான் ஓட்டினேன். இருந்தது. வேகம் அதே வேகம், சாலை அதே சாலை. மாறியது ஓட்டுபவர் மட்டுமே. அந்த முடிவை ஏற்க மனம் ஒப்பவில்லை. ஓட்டுநர் இருக்கையின் அடியில் ஏதோ தளர்ந்திருக்கிறது என்றுகூட எண்ணினேன்.

அடுக்ககத்துக்குத் திரும்பியதும் மாப்பிள்ளையை மேலே அனுப்பிவிட்டு, எஞ்சின் அணைந்த வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனியே அமர்ந்திருந்தேன். ஒரு சின்ன ஓசை கேட்டது. என் முழுக்கைச் சட்டையின் வலது மணிக்கட்டுப் பொத்தான் ஸ்டியரிங்கில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. வலக்கையை எடுத்தேன், ஓசை நின்றது. வைத்தேன், தொடங்கியது. இடக்கை அசையாமல் இருந்தது.

மகள் கீழே வந்தாள்.

"என்னப்பா, இன்னும் உள்ளயே உட்கார்ந்திருக்கீங்க? அவரோட அப்பா போன் மேல போன் பண்றார். என்ன சொல்லட்டும்?"

வண்டியில் குறை இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அந்த நடுக்கம் என்னுடையது என்று எனக்குள்ளாவது நான் ஏற்க வேண்டும். குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பயணம் நின்றுபோகும். என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பொத்தானை இன்னொரு முறை பார்த்தேன்.

"வண்டி சரியா இருக்கு. போகலாம்னு சொல்லு."

சாவிக்காகக் கை நீட்டினாள். இடக்கையால் கொடுத்தேன். யாருக்கும் எதையும் நான் இடக்கையால் கொடுத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். சாவியை வாங்கியவள் நகரவில்லை.

"வலது கைக்கு என்னப்பா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

ஞாயிறன்று மலைக்குப் போய் நல்லபடியாகத் திரும்பினார்கள். ஸ்டியரிங் ஒருமுறைகூட ஆடவில்லை என்று சம்பந்தி என் கையெழுத்தைப் பாராட்டினார். என் கையில் எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு இன்னும் புலப்படவில்லை. சில காலைகளில் அந்த நடுக்கம் இருப்பதே இல்லை.